கூப்பிடுவார்கள் என்று நின்ற உப்பு வியாபாரி

போன மாதம் திவ்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற கம்பெனியில் கடைசிச் சில வருடங்கள் எனக்குக் கீழே வேலை பார்த்த பெண். டெக்ஸாஸில் வளர்ந்தவள். எதையும் சுற்றி வளைக்காமல் கேட்பாள்.

"அங்கிள், எங்க சிஸ்டத்துல ரெண்டு ப்ரோக்ராம். ஒண்ணு விக்கணும், ஒண்ணு வாங்கணும், அவ்வளவுதான். ரெண்டும் நேத்துல இருந்து பேரம் பேசிட்டே இருந்துச்சு. இப்போ ரெண்டும் சும்மா நிக்குது. எர்ரர்கூட வரல. இந்த மாதிரி எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

"பார்த்திருக்கேம்மா. இதனாலயே ஆப்பிரிக்காவுல ஒரு பேரரசு தினமும் விழுந்துச்சு. அதை விழ வச்சதுல பாதி நான்தான்."

"அங்கிள், ஆன்ட்டி பக்கத்துல இருக்காங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

எனக்கு மூளை குழம்பிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டாள். போனை என் மனைவி சித்ராவிடம் கொடுத்தேன். அவளாவது எனக்காக நாலு வார்த்தை பேசுவாள் என்று பார்த்தால், "ஆமாம்மா, நிஜம்தான். அந்த ராஜ்யத்தால எங்க வீட்ல ரெண்டு வருஷம் நிம்மதியே இல்ல" என்றாள். திவ்யா இன்னும் கலவரமாகிவிட்டாள். அதனால்தான் எல்லாவற்றையும் முறையாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். திவ்யாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அது வேறு விஷயம்.

என் படிப்பையும் பயிற்சியையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அருப்புக்கோட்டையில் பள்ளிக்கூடம், மதுரையில் கல்லூரி, சென்னையில் ஒரு சிமென்ட் கம்பெனிக்குச் சம்பளக் கணக்கு ப்ரோக்ராம். தொண்ணூறுகளின் நடுவில் கலிஃபோர்னியா வந்தேன். வீடு லிவர்மோரில், வேலை மலைக்கு அந்தப் பக்கம் ஃப்ரீமான்ட்டில். என்னோடு வந்த சித்ரா விருதுநகரில் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். என் விசாவை ஒட்டிக்கொண்டு வந்தவளுக்கு இங்கே வேலை பார்க்க அனுமதி கிடையாது. எனக்கு கிரீன் கார்டு வந்தால்தான் அவள் ஒரு லேபுக்குள் கால் வைக்கலாம். லிவர்மோரோ லேபால் பிழைக்கும் ஊர். கோயிலுக்குப் போனால் பிராகாரத்தில் சுற்றுகிறவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு லேபில் வேலை பார்ப்பவர்களாக இருப்பார்கள். இவள் வீட்டில் உட்கார்ந்து ரசத்தில் புளி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சொட்டுச் சொட்டாகச் சோதனை போட்டுக்கொண்டிருந்தாள். ரசம் ஆறிப்போகும். அதையே ஊற்றிச் சாப்பிடுவேன்.

பேரரசுக்கு வருவதற்கு முன் நான் கார் வாங்கப் போன கதையைச் சொல்லியாக வேண்டும். வந்த புதிதில் நண்பர் ஒருவர் என்னை ஹேவர்டில் பழைய கார் விற்கிற இடத்தில் இறக்கிவிட்டுப் போனார். விற்கிறவர் ஒரு விலை சொன்னார். நான் அதில் பாதி சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுத்தார். நான் அடுத்துச் செய்ய வேண்டியதைச் செய்தேன். "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். எங்கள் ஊர் பஜாரில் பக்கத்துக் கடையைத் தாண்டுவதற்குள், "சார், வாங்க சார், கோவிச்சுக்கிட்டுப் போறீங்களே" என்று கூப்பிட்டுவிடுவார்கள். அந்த மனிதர் "ஹேவ் எ நைஸ் டே" என்றார்.

நான் வேகத்தைக் குறைத்தேன். சிக்னல் வரை போய், ஷூ லேஸைக் கட்டுகிற மாதிரி குனிந்து, கைக்கு அடியில் பின்னால் பார்த்தேன். அவர் உள்ளே போய்விட்டிருந்தார். திரும்பிப் போக மானம் இடம் கொடுக்கவில்லை. வெயிலில் ரயில் ஸ்டேஷன் வரை நடந்தேன். வீட்டில் சித்ரா, "கார் எங்க?" என்றாள்.

"கூப்பிடலை" என்றேன்.

இதனால் எனக்குக் கார் இல்லாமல் போனது. இதனால்தான் பழனிவேல் என் வாழ்க்கைக்குள் வந்தான். கோபிசெட்டிபாளையத்துப் பையன், அதே ஆபீஸ், அதே அப்பார்ட்மென்ட், பழைய நீலக் கார் ஒன்று வைத்திருந்தான். தினமும் காலையில் என்னை ஏற்றிக்கொண்டு மலை தாண்டிப் போவான், சாயங்காலம் கொண்டுவந்து விடுவான். பதிலுக்கு சித்ரா அவனுக்கும் சேர்த்து டிபன் கட்டுவாள். அவனுக்குப் பெருந்துறையில் கவிதா என்று ஒரு பெண்ணை நிச்சயம் செய்வதாகப் பேச்சு. பெண்ணின் அப்பா கிரீன் கார்டு மாப்பிள்ளைதான் வேண்டும் என்று நின்றார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்து, "கார்டு வந்துருச்சுங்களா மாப்ளே?" என்று கேட்பார். ரேஷன் கார்டைக் கேட்கிற மாதிரியே கேட்பார் என்று பழனிவேல் சொல்வான்.

எங்கள் கம்பெனி பள்ளிப் பிள்ளைகளுக்கு சிடியில் பாடம் தயாரிக்கிற சின்னக் கம்பெனி. அந்த வருடம் எங்களுக்கு வந்த வேலை மேற்கு ஆப்பிரிக்காவின் மூன்று வணிகப் பேரரசுகள்: கானா, மாலி, சொங்காய். இந்தக் கானா இன்றைய கானா நாடு இல்லை. அதற்கு வடமேற்கே ரொம்பத் தள்ளி, சஹாரா பாலைவனத்தின் ஓரத்தில் இருந்த பழைய ராஜ்யம். தெற்கே காட்டுப் பக்கம் தங்கம் கிடைத்தது, உப்பு கிடைக்கவில்லை. வடக்கே பாலைவனத்தில் உப்பைப் பாளம் பாளமாக வெட்டி எடுத்தார்கள், அங்கே வேறு ஒன்றுமே இல்லை. நடுவில் இருந்த ராஜா போகிற ஒட்டகத்துக்கும் வரி வாங்கினார், வருகிற ஒட்டகத்துக்கும் வரி வாங்கினார். அருப்புக்கோட்டைக்காரனுக்கு இதில் விளங்காதது ஒன்றும் இல்லை. பிள்ளைகள் கம்ப்யூட்டரில் இந்த ராஜ்யத்தை நடத்த வேண்டும். அது எழ வேண்டும், செழிக்க வேண்டும், காலம் வந்ததும் விழ வேண்டும். கானா விழுந்தால் மாலி, மாலி தளர்ந்தால் சொங்காய்.

எங்கள் மேலாளர் நெய்னா பாய். கீழக்கரைக்காரர். தலைமுறை தலைமுறையாகக் கப்பல் வியாபாரம் பார்த்த குடும்பம். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவர் மேசையில் எப்போதும் ஒரு கிண்ணத்தில் பேரீச்சம்பழம் இருக்கும். வேலை நன்றாக இருந்தால், "என்ன தம்பி இது, இதுக்கா இத்தன நாளு?" என்று கடிந்துகொள்வார். வேலை கேவலமாக இருந்தால் கிண்ணத்தை நம் பக்கம் தள்ளி, "ரொம்ப அழகா இருக்கு தம்பி. ஒண்ணு எடுத்துக்கிருங்க" என்பார். இரண்டாவது பழமும் எடுக்கச் சொன்னார் என்றால் எழுதியதை முழுக்க அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். அந்த ஆபீஸில் பேரீச்சம்பழம் என்றாலே எல்லோரும் இரண்டடி தள்ளி நிற்பார்கள்.

முதல் வருடம் எங்களுக்கு வந்த பிரச்சனை, கானா விழவே இல்லை என்பது. நான் எழுதிய ராஜா வரியை அளவாகப் போட்டார், கிணறு வெட்டினார், யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. ராஜ்யம் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. சரித்திர ஆலோசகராக ஒரு பேராசிரியை வருவார். உயரமான, கறாரான அமெரிக்க அம்மாள். "பாண்டியன், உங்கள் கானா இன்னும் இருக்கிறதே" என்பார், நான் வாடகை வீட்டைக் காலி செய்யாத மாதிரி. திங்கள்கிழமை தோறும் வேலை நிலவரம் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் கூச்சமில்லாமல் எழுதினேன்: 'மாலி எழுந்துவிட்டது. கானா இந்த வாரமும் விழவில்லை. சொங்காயை வெள்ளிக்கிழமைக்குள் வீழ்த்திவிடலாம் என்று நம்புகிறேன்.' லிஃப்டில் நெய்னா பாய் என்னைப் பார்த்து, "தம்பி, ராஜ்யம் எப்ப விழும்?" என்று கேட்க, கூட வந்த பக்கத்து ஆபீஸ் வெள்ளைக்காரருக்கு ஒரு பெண் அதை மொழிபெயர்த்துச் சொல்ல, அவர் அடுத்த மாடியிலேயே இறங்கிக்கொண்டார்.

பிறகு பேராசிரியை ஊமை வியாபாரத்தைச் சேர்க்கச் சொன்னார். அன்றைக்கு ஆரம்பித்தது சனி.

ஊமை வியாபாரம் என்பது இப்படி. உப்பு கொண்டுவந்தவர்கள் ஆற்றங்கரையில் உப்பைக் குவித்து வைத்துவிட்டு, முரசு கொட்டிவிட்டுக் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விடுவார்கள். தங்கம் வைத்திருப்பவர்கள் வந்து பார்த்து, உப்புக்குப் பக்கத்தில் தங்களுக்குக் கட்டுபடியாகிற தங்கத்தை வைத்துவிட்டு அவர்களும் போய்விடுவார்கள். உப்புக்காரர் திரும்பி வருவார். தங்கம் போதுமென்றால் எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிட்டுப் போவார். போதாதென்றால் எதையும் தொடாமல் மறுபடி ஒதுங்கிவிடுவார். அவர்கள் வந்து இன்னும் கொஞ்சம் வைப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, ஒரு வார்த்தை பேசுவதில்லை.

உப்புக்காரனை நான் எழுதினேன். தங்கக்காரனைப் பழனிவேல் எழுதினான். இரண்டையும் சேர்த்து ஓட்டினோம். கானா விழுந்தது. தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, எழுவதற்கு முன்னாலேயே, மடமடவென்று விழுந்தது. நெய்னா பாய் கிண்ணத்தைத் தள்ளினார்.

திரையில் பார்த்தால் ஆற்றங்கரையில் ஒன்றுமே இல்லை. ஒரு ஓரத்தில் என் உப்புக்காரன், உப்பைத் தூக்கிக்கொண்டு முதுகைக் காட்டி நிற்கிறான். இன்னொரு ஓரத்தில் அவன் தங்கக்காரன், தங்கத்தை வாரிக்கொண்டு முதுகைக் காட்டி நிற்கிறான். இருவரும் அவ்வப்போது குனிந்து செருப்பைச் சரிசெய்கிறார்கள். காற்று வீசுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. ஊருக்கு உப்பு போகவில்லை, ராஜாவுக்கு வரி போகவில்லை, கஜானா காலி.

அந்த ஆபீஸில் பிழை ஒன்று கண்டுபிடித்தால் அதற்கு ஒரு சொந்தக்காரன் வேண்டும். பிழை யார் பெயரில் நிற்கிறதோ அவன் திருத்த வேண்டும், தன் பிழை என்று எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். பரிசோதனை செய்தவர்கள் முதலில் என் பெயரில் போட்டார்கள். 'உப்புக்காரன் சரியாகத்தான் போகிறான். தங்கக்காரன் கூப்பிட வேண்டும்' என்று எழுதிப் பழனிவேல் பெயருக்கு மாற்றினேன். அவன், 'வாங்குகிறவன் எதற்குக் கூப்பிட வேண்டும்? விற்கிறவன்தான் கூப்பிட வேண்டும்' என்று எழுதி என் பெயருக்கே திருப்பினான். பிழை எங்களுக்குள் ஷட்டில்காக் மாதிரி போய் வந்தது. ஊமை வியாபாரத்தில் எவன் யாரை எப்படிக் கூப்பிடுவான் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

மீட்டிங்கில் எழுந்து நின்று வாதாடினோம்.

"ஈரோட்டு மஞ்ச மண்டிக்கு வந்து பாருங்கண்ணா. வாங்க வந்தவன் எந்திரிச்சுப் போனான்னா யாவாரி ஓடி வருவானுங்க."

"ஏம்ப்பா, உப்பு என்ன மஞ்சளா? உப்பு இல்லாம உன் ஆளு கஞ்சி குடிச்சிருவானா? அவன்தான் வரணும்."

"தங்கத்த வெச்சுட்டு எம்பட ஆளு எதுக்குங்க ஓடி வரோணும்?"

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த மனிதர்கள் ஒரு வார்த்தை பேசாமல் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்தார்கள். நீங்கள் இருவரும் இவ்வளவு பேசியும் ஒரு தடவை செய்ய முடியவில்லை" என்றார்.

இது சிரிப்போடு போயிருக்கும். ஆனால் அந்த வாரம் நெய்னா பாய் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். கிண்ணம் மேசையில் இல்லை. அதுவே பயமாக இருந்தது.

"தம்பிமாரே, டெக்ஸாஸ்ல இர்விங்ல வாத்திமாருக்கு டெமோ. அவுக எடுத்தாத்தான் இந்த வேலை நிக்கும். நின்னா, இந்த வருசம் ஒருத்தருக்கு கிரீன் கார்டுக்குப் போட மேலிடத்துல சம்மதிச்சிருக்காக. ஒருத்தருக்குத்தான். நான் மண்டாடிப் பாத்துட்டேன். யாரு பக்கம் சுத்தமா இருக்கோ அவருக்குப் போடச் சொல்றாக."

அதற்குப் பிறகு அந்தப் பிழையை எவன் தன் பெயரில் எடுத்துக்கொள்வான்? எடுத்தவனுக்குக் கார்டு போச்சு. எனக்கு சித்ராவின் லேப், அவனுக்குக் கவிதா. பேச்சு நின்றது.

பேச்சு நின்றாலும் காரில் போகாமல் முடியாது. என்னிடம் கார் இல்லை, அவனுக்கு டிபன் இல்லை. காலையில் நான் ஏறி உட்கார்ந்து டிபன் டப்பாவை டாஷ்போர்டில் வைப்பேன். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவன் சிக்னலில் நிற்கும்போது டப்பாவை எடுத்து அவன் பக்கம் வைத்துக்கொள்வான். முந்தின நாள் டப்பாவை அதே இடத்தில் வைப்பான். மலை ஏறி, காற்றாலைகளுக்கு முதுகைக் காட்டி, மலை இறங்கி, ஃப்ரீமான்ட் வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பாட்டு கேசட்டைக்கூட யார் போடுவது என்று தெரியாமல் அது பாதியில் நின்றபடியே கிடந்தது. எனக்கு அந்தப் பிரயாணம் தாங்கவில்லை. அந்தப் பையன் இல்லாமல் எனக்கு அந்த ஊரில் பேச ஆளே கிடையாது.

ஒரு சனிக்கிழமை வீட்டில் ப்ரோக்ராமை ஓட்டிக்கொண்டிருந்தேன். சித்ரா பின்னால் வந்து நின்று பார்த்தாள். உப்புக்காரன் குனிந்து செருப்பைச் சரிசெய்தான்.

"ஏங்க, இது நீங்கதானே?"

"எது?"

"ஹேவர்ட்ல கார் வாங்கப் போன லட்சணத்தை அப்படியே எழுதி வச்சிருக்கீங்க. கூப்பிடுவாங்கன்னு நிக்கிறான். அந்தப் பக்கம் பழனியும் அதே மாதிரி நிக்கிறாப்ல. யாருங்க கூப்பிடுவா? அதான் ஊமை வியாபாரமாச்சே."

எனக்குக் காது சூடாகிவிட்டது. வருடக்கணக்காக சம்பளம் வாங்கிக்கொண்டு நான் கண்டுபிடிக்காததை அவள் கரண்டியும் கையுமாக நின்று சொல்லிவிட்டாள்.

"நான் திருத்தினா என் தப்புன்னு எழுதணும். கார்டு அவனுக்குப் போயிரும்" என்றேன்.

சித்ரா கரண்டியை மேசையில் வைத்தாள். "எனக்கு லேபுக்குப் போகணும்தான். தினம் காலையில நீங்க போனதும் எனக்கு அழுகையா வருது, தெரியுமா உங்களுக்கு?" என்றாள். அதுவரை சொன்னதில்லை. பிறகு, "ஆனா அந்தப் பையன் டப்பாவைத் தேச்சுக் கழுவி அனுப்புறாப்லங்க. பேச்சு இல்லாதப்பவும் கழுவித்தான் அனுப்புறாப்ல. நீங்களே திரும்பிப் போங்க. அன்னிக்கே திரும்பிப் போயிருந்தா இந்நேரம் நமக்குன்னு ஒரு கார் இருந்திருக்கும்" என்றாள்.

உட்கார்ந்து திருத்தினேன். உப்புக்காரன் யாரும் கூப்பிடாமலே திரும்பி வருவான், வரும்போது கூடக் கொஞ்சம் உப்பு வைப்பான். என் பிழைதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பழனிவேலிடம் சொல்லவில்லை. பேச்சுதான் இல்லையே.

டெமோ இர்விங்கில், லாஸ் கோலினாஸ் பக்கம் ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்தது. விமானத்தில் நெய்னா பாய் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தார். ஹாலில் டெக்ஸாஸ் ஆசிரியர்கள், முன் வரிசையில் பெரிய பெல்ட் பக்கிள் போட்ட ஒரு பெரியவர். கம்ப்யூட்டரில் சிடியைப் போட்டோம்.

உப்புக்காரன் வந்தான், வைத்தான், முரசு கொட்டினான், போனான். தங்கக்காரன் வந்தான், வைத்தான், போனான். உப்புக்காரன் திரும்பி வந்தான். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். கூட ஒரு பாளம் வைத்தான், ஒதுங்கினான். அடுத்ததாக, யாரும் கூப்பிடாமலே, தங்கக்காரனும் திரும்பி வந்தான். கூடக் கொஞ்சம் தங்கம் வைத்தான், ஒதுங்கினான். உப்புக்காரன் மறுபடி வந்து இன்னும் உப்பு வைத்தான். தங்கக்காரன் வந்து இன்னும் தங்கம் வைத்தான்.

பழனிவேலைத் திரும்பிப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். அவனும் திருத்தியிருக்கிறான். அவனும் தன் பிழை என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். பேச்சு இல்லாததால் இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்க்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

ஹோட்டலில் பில் வந்ததும் நம் ஆட்கள் இருவர், "நான் கொடுக்கறேன்", "அட, நீங்க சும்மா இருங்க" என்று கையைப் பிடித்து இழுப்பார்களே, திரையில் அதுதான் நடந்தது. உப்பு மலையாக ஏறியது. தங்கம் அதற்கு மேல் ஏறியது. ஒருவனும் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. தங்கம் ஆற்றை மூடியது, ஊரை மூடியது, ராஜாவின் அரண்மனையை மூடியது, கடைசியில் வரைபடத்தில் ஆப்பிரிக்காவே தெரியவில்லை. கம்ப்யூட்டர் முனகத் தொடங்கியது.

நெய்னா பாய் சலனமே இல்லாமல் எழுந்தார். மாலிப் பேரரசர் ஒருவர் மக்காவுக்குப் போகிற வழியில் கெய்ரோவில் இப்படித்தான் தங்கத்தை வாரிக் கொடுத்தார், அங்கே தங்கத்தின் விலையே படுத்துவிட்டது, அதைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அழகான ஆங்கிலத்தில் சொன்னார். பெல்ட் பக்கிள் பெரியவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். எண்பதுகளில் எங்கள் பெட்ரோலிய எண்ணெய்க்கும் இதே கதிதான் வந்தது, ஊரே படுத்துவிட்டது, இந்த ஒன்றை வைத்தே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிடுவேன் என்றார். ஹாலே கலகலத்தது. எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். வெளியே வந்ததும் நெய்னா பாய் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, இருவருக்கும் ஆளுக்கு இரண்டு பேரீச்சம்பழம் கொடுத்தார்.

கார் பார்க்கிங்கில் பழனிவேல், "ஏனுங்கண்ணா, நீங்க எதுக்குங்க திருத்துனீங்க?" என்றான்.

"நீ எதுக்குப்பா திருத்துன?"

"அக்கா தெனமும் எனக்குன்னு காரம் கம்மியா சட்னி வெக்கறாங்கண்ணா. அத எப்படிங்க தின்னுபோட்டு..." என்று சொல்லி மூக்கை உறிஞ்சினான். நானும் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

பேச்சு வந்துவிட்டது. இப்போது வேறு சண்டை வந்தது. ஃப்ரீமான்ட் திரும்பியதும் நெய்னா பாய் கிரீன் கார்டு ஃபைலை மேசையில் வைத்து, பிழைக்கு இரண்டு பேருமே கையெழுத்துப் போட்டிருக்கும்போது யாருக்குப் போடுவது என்று கேட்டார். "பழனிக்குப் போடுங்க பாய்" என்றேன். "அண்ணனுக்குப் போடுங்க சார், அக்கா பாவமுங்க" என்றான் அவன். நான் அவன் தோளைப் பிடித்து முன்னால் தள்ள, அவன் என் கையைப் பிடித்து முன்னால் இழுக்க, பேரீச்சம்பழக் கிண்ணம் கவிழ்ந்தது.

நெய்னா பாய்க்குக் கோபம் வந்து பார்த்தது அன்று ஒருநாள்தான். "ஃபைலு இங்ஙனயே இருக்கும். நான் வெளியே போறேன். யாரு எடுத்துக்கிட்டு வாறீயளோ அவுகளுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் கழித்து நான் ஒரு கதவு வழியாக வெளியே வந்தேன், பழனிவேல் இன்னொரு கதவு வழியாக வந்தான். ஃபைல் மேசையிலேயே இருந்தது. மறுநாளும் இருந்தது.

விஷயம் கேள்விப்பட்டு சித்ரா யாருடைய காரிலோ ஏறி ஆபீஸுக்கே வந்துவிட்டாள். நேரே அறைக்குள் போய் ஃபைலை எடுத்து நெய்னா பாயிடம் கொடுத்தாள்.

"அண்ணே, இவருக்கே போடுங்க. இவங்க ரெண்டு பேரும் மரியாதை பண்ணி முடிக்கிறதுக்குள்ள நான் கிழவி ஆயிருவேன். பழனிக்கு அடுத்த வருஷம் முதல் ஆளா போடணும். எனக்கு வாக்குக் கொடுங்க."

"வாக்குத்தாம்மா" என்றார் நெய்னா பாய். பழனிவேல்தான் எல்லோரையும்விட சந்தோஷமாக இருந்தான்.

ப்ரோக்ராமையும் சரிசெய்தோம். இருவருமே திரும்பி வரலாம், ஆனால் கொடுப்பதற்கு ஒரு வரம்பு. திவ்யாவுக்கும் இதைத்தான் சொன்னேன். பேராசிரியை கடைசியில்தான் ஒரு விஷயம் சொன்னார். ஊமை வியாபாரம் அப்படியே நடந்ததா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்கே சந்தேகம் உண்டாம். தங்கம் கிடைக்கிற இடத்தை மறைக்க வியாபாரிகள் கட்டிவிட்ட கதையாகவும் இருக்கலாமாம்.

அந்த அடுத்த வருடம் தள்ளித் தள்ளிப் போனது. கடைசியாக நாங்கள் எழுதியது சொங்காயின் வீழ்ச்சி. மொராக்கோ படை துப்பாக்கியோடு வந்தது. சொங்காய்க்காரர்கள் மாட்டு மந்தையை எதிரி மேல் விரட்டினார்கள். வெடிச் சத்தத்துக்கு மிரண்டு மாடுகள் இவர்கள் மேலேயே திரும்பிவிட்டன. அதற்கு முன்னாலேயே கடலோரத்தில் ஐரோப்பியக் கப்பல்கள் வந்து, தங்கத்தில் ஒரு பங்கு பாலைவன வழியை விட்டு அந்தப் பக்கம் போகத் தொடங்கியிருந்தது என்று பேராசிரியை சொன்னபோது நெய்னா பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க ஊருலயும் இதே கததான் தம்பி. கப்பலு வேற தொறைக்குப் போயிருச்சு, நாங்க கரையில நின்னோம்" என்றார். பிறகு எங்கள் கம்ப்யூட்டரைப் பார்த்து, "சிடிய இனிமே யாரு வாங்குவா? எல்லாந்தான் இன்டர்நெட்ல வருதே" என்றார்.

அவர் சொன்னபடியே ஆனது. முதலில் ஆபீஸில் ஒரு மாடி போனது, பிறகு பேராசிரியை வருவது நின்றது, பிறகு காபி மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் கானாவுக்கு எழுதிய வரிசையேதான். எனக்குக் கார்டு வந்துவிட்டிருந்தது. சித்ரா வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு லேபுக்குப் போனாள், அன்றைக்குத்தான் ரசம் சூடாகக் கிடைத்தது. பழனிவேலுக்குப் போட்ட விண்ணப்பம் கம்பெனியோடு சேர்ந்து போனது. விசாக் காலமும் முடிந்தது. இரண்டாயிரத்து ஒன்றின் கோடையில் கம்பெனியை மூடினார்கள். நெய்னா பாய் அவனிடம், "வாக்குக் கொடுத்தேன் தம்பி, காப்பாத்த முடியல" என்று சொல்லி அழுதார். கிண்ணத்தையும் அவனுக்கே கொடுத்துவிட்டார்.

சான் ஃபிரான்சிஸ்கோ ஏர்போர்ட்டுக்கு நான்தான் அவனுடைய காரை ஓட்டிக்கொண்டு போனேன். அப்போதெல்லாம் வழியனுப்புகிறவர்களும் விமானத்தின் வாசல் வரை போகலாம். ஊரில் கவிதா அப்பாவோடு சண்டை போட்டு, கார்டு இல்லாத மாப்பிள்ளையே போதும் என்று சொல்லிவிட்டாள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். நான் ம், ம் என்றேன். அவனுக்குச் சேர வேண்டியதுதான் எனக்கு வந்தது என்ற நினைப்பிலேயே ஓட்டினேன்.

ஏறச் சொல்லி அழைத்தார்கள். ஏர்போர்ட்டுக்கு வந்ததும் நான் அவனிடம் திருப்பிக் கொடுத்திருந்த கார் சாவியை எடுத்து, எனக்குப் பக்கத்து நாற்காலியில் வைத்தான். வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பையை மாட்டிக்கொண்டு நடந்தான். நான் சாவியைப் பார்த்தேன். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். அதற்குப் பக்கத்தில் வைக்கிற மாதிரி என்னிடம் ஒன்றுமே இல்லை.

அவன் வரிசையில் மெதுவாகத்தான் போனான். வாசலுக்குப் பக்கத்தில் போய், குனிந்து, செருப்பைச் சரிசெய்தான்.

அத்தனை பேருக்கு நடுவில் எழுந்து நின்று, "பழனீ!" என்று கத்திக் கூப்பிட்டேன்.